எனிகாஸ்ட்: யாதொருமுனை அனுப்பல்

வெவ்வேறு ஊர்களில் உள்ள வழங்கிகள் (சர்வர்கள்) பலவும் இணையத்தில் ஒரே ஐபி முகவரியை, அதாவது ஒரே எண் முகவரியைக் கொண்டிருக்க, அம்முகவரிக்கு வரும் தரவுப் பொதியை அவற்றுள் ஏதேனும் ஒன்றிடம் வலையமைப்பே கொண்டு சேர்க்கும் முறை 'எனிகாஸ்ட்' எனப்படுகிறது. 1993 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1546 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதனை வரையறுத்தது.

ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்றால் எறிதல். 'பிராட்காஸ்ட்' என்பது, விதையைக் கையால் அள்ளி வயலெங்கும் வீசி விதைப்பதைக் குறித்த உழவர் சொல். வானொலி வந்தபோது அலைகளுக்கும் அதுவே பெயராயிற்று. நாம் அதனை 'ஒலிபரப்பு' என்றது மிகப் பொருத்தமான ஆக்கம். ஆனால் அதே 'பரப்பு' எனிகாஸ்டுக்குப் பொருந்தாது. ஏனெனில் இங்கே எதுவும் பரவுவதில்லை, ஒரு பொதி ஓரிடத்திற்கே போகிறது.

இதனை 'அண்மை வழங்கி முறை' என்று விளக்குவதும் பிழைக்கு இடந்தரும். பொதிகளை வழிநடத்தும் திசைவிகள் (ரவுட்டர்கள்), வலையமைப்புகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறைப்படி வழியைத் தேரும்போது தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. இடையில் எத்தனை வலையமைப்புகள் உள்ளன, அவற்றை நடத்துவோரின் கொள்கை என்ன என்பவற்றையே பார்க்கின்றன. இணையப் பெயர்களுக்குரிய ஐபி முகவரியைக் கண்டறிய உதவும் டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில் உள்ள மூல வழங்கிகளுள் 'எஃப்' எனப்படும் வழங்கியின் முகவரி 192.5.5.241, அதன் படிகள் (நகல்கள்) உலகின் பல நகரங்களில் உள்ளன, சென்னையிலும் ஒன்று நிறுவப்பட்டது. எனினும் சென்னைப் பயனர் ஒருவரின் கேள்வி, அவருடைய இணைய நிறுவனம் வைத்திருக்கும் இணைப்புகளைப் பொறுத்து, சிங்கப்பூர்ப் படியைச் சென்றடையவும் கூடும். வழங்கிகளின் சுமையையும் திசைவி அறியாது. ஆகவே 'சுமைப் பகிர்வு' இம்முறையால் விளையும் பயனேயன்றி இச்சொல்லின் பொருளன்று. ஒரு படி பழுதாகி அதற்குச் செல்லும் வழியைத் திசைவிகளுக்குச் சொல்லும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டால், பொதிகள் தாமாகவே வேறொரு படிக்குத் திரும்பிவிடுகின்றன. மூல வழங்கிகள் தாக்குதல்களைத் தாங்கி நிற்பதற்கு இப்பண்பு பெரிதும் துணைநிற்கிறது.

எனவே தமிழாக்கத்தில் 'எனி' என்பதற்குரிய 'ஏதேனும் ஒன்று' என்னும் பொருளே முன்னிற்க வேண்டும். பொதி சென்றடையும் இடத்தை 'முனை' எனக் கொண்டால், 'எந்த முனையும்' என்னும் பொருளில் 'எம்முனை' என்பது சுருக்கமானதுதான், ஆயினும் 'எங்கள் முனை' என்றும் படிக்க நேரும். நிலப் பத்திரத்தில் 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று எழுதுகிறோமே, அந்த 'யாதொரு' இங்கே ஐயமின்றிப் பொருள் தருகிறது. 'யாதொருமுனை அனுப்பல்' என்று கொண்டால், குறித்த ஒரு முனைக்கு அனுப்பும் யூனிகாஸ்டுக்குத் 'தனிமுனை அனுப்பல்', ஒரு குழுவிலுள்ள முனைகளுக்கு அனுப்பும் மல்டிகாஸ்டுக்குப் 'பன்முனை அனுப்பல்', வலையமைப்பில் வழங்கும் பிராட்காஸ்டுக்கு 'அனைத்துமுனை அனுப்பல்' என ஏனையவையும் ஒரே வரிசையில் அமைந்துவிடுகின்றன.