முன்னே போன தடம் சான்றாகாது

பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், ஒவ்வொரு பருவத்திலும் நான் கேட்கும் வாதம் ஒன்று உண்டு: "நேற்றே இரண்டு பேர் இந்தச் சரிவில் சறுக்கி இறங்கியிருக்கிறார்கள், தடம் தெரிகிறதே, பிறகென்ன?" இந்த ஒரு வாதத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

மலையில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. காற்று அள்ளிவந்து இறுக்கிய கெட்டியான பாளம் மேலே இருக்க, அதன் கீழே ஒன்றோடொன்று ஒட்டாத மணிமணியான பழைய பனி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கக்கூடும். பாளம் தடிமனாக உள்ள இடத்தில் செல்பவரின் எடை அடியிலுள்ள அந்த அடுக்கை எட்டாததால் முதல் இருவர் தப்பிவிடுகிறார்கள்; பத்தாவது ஆள் பாறையோரத்தில் பாளம் மெலிந்த இடத்தை மிதிக்கும்போது உண்டாகும் விரிசல் நொடியில் பரவி, சரிவிலுள்ள பாளம் முழுவதையும் பெயர்த்துவிடுகிறது. 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில்தான் பெரும்பாலும் இது நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்பித் தேடுவதும் அதே சாய்வைத்தான்.

ஒருமுறை, பனி பொழிந்து மூன்று நாள் கழித்து, வானம் தெளிந்திருந்த காலையில் அடுக்குகளைப் பார்க்க மாணவர்களுடன் பனியில் குழி வெட்டினோம். மேலே 40 செ.மீ. பாளம் விரலால் குத்த முடியாத அளவுக்கு இறுகியிருந்தது. அதற்கடியில் அள்ளிய பனியோ உருண்டை பிடிக்க வராமல் சர்க்கரை போல விரலிடுக்கில் உதிர்ந்தது. தனியே அறுத்தெடுத்த பனித்தூணின் மேல் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 முறை தட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து தட்டத் தொடங்கிய இரண்டாவது தட்டலிலேயே பாளம் மேசை இழுப்பறை போல வழுக்கி என் மடியில் விழுந்தது. பக்கத்தில், அதே திசை நோக்கிய சரிவில், முந்தைய நாளின் தடங்கள் இரண்டு அழகாக இறங்கியிருந்தன. நாங்கள் திரும்பிவிட்டோம்.

ஸ்னோமொபைல் எனும் பனியில் ஓடும் மோட்டார் வண்டியை ஓட்டுவோருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. காலடியில் பனி 'உம்ப்' என்று அமுங்கும் எச்சரிக்கை ஒலி எஞ்சின் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்பதில்லை. சரிவில் ஒருவருடைய வண்டி சிக்கிக்கொண்டால் உதவப் போகும் இரண்டாவது வண்டியின் எடையும் அதே பாளத்தில்தான் ஏறுகிறது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மற்றவர்கள் பனி வந்து சேரும் அடிவாரத்தை விட்டு விலகி நிற்க வேண்டும்.

பனிச்சரிவு முன்னறிவிப்பில் வரும், ஐந்து படிகள் கொண்ட அபாய அளவில் மூன்று என்பதைப் பலர் 'நடுத்தரம்' என்று படிக்கிறார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றாம் படி நாட்களில்தான் நேர்கிறது.

புதைந்தவரைச் சுமார் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரம் கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை என்பதால், நேரத்துக்குள் மீட்கக்கூடியவர்கள் உடன் வந்தவர்களே. எனவே டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டறிய சமிக்ஞை அனுப்பவும் பெறவும் உதவும் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். கைபேசி டிரான்ஸீவரின் சமிக்ஞையைக் குலைக்கும். உடலில் அணிந்திருக்கையில் இரண்டுக்கும் இடையே 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். புறப்படும் இடத்திலேயே ஒருவர் கருவியை மற்றவர் சோதித்த பிறகே நகருங்கள்.