மனிதனில் நடக்கும் கேடு சுண்டெலியில் ஏன் தெரியவில்லை?

ஏ.எல்.எஸ். என்ற நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழிகின்றன. கை தளரும், பேச்சு குழறும், சோறு விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சுக்கான தசைகளும் ஓய்ந்துவிடும். நோய் தொடங்கியபின் பெரும்பாலோர் 3 முதல் 5 ஆண்டுகளே உயிரோடு இருக்கிறார்கள். இறந்தவர்களின் தண்டுவடத்தைச் சாயமேற்றிப் பார்த்தால், நரம்பு செல்களுக்குள் புரதக் கட்டிகள் தெரியும். அது என்ன புரதம் என்பது 2006 வரை பிடிபடவில்லை. அந்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீயின் குழு அதை அடையாளம் கண்டது. பெயர் டி.டி.பி-43. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேரிடம் இந்தப் புரதம் இடம் மாறிக் கட்டியாகிறது. அவர்களில் மிகச் சிலரிடம் மட்டுமே இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருக்கிறது.

இந்தப் புரதத்துக்கான மரபணு டார்டிபிபி. மனிதனில் 1ஆம் குரோமோசோமிலும், சுண்டெலியில் 4ஆம் குரோமோசோமிலும் இருக்கிறது. இரண்டு உயிரினங்களிலும் புரதம் 414 அமினோ அமிலங்கள் கொண்டது, ஏறக்குறைய ஒரே மாதிரியானது. ஆரோக்கியமான செல்லில் பெரும்பாலும் உட்கருவுக்குள்ளேயே இருக்கும். டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் புரதம் செய்யத் தேவைப்படாத இன்ட்ரான் பகுதிகளும் கலந்திருக்கும். அவற்றை வெட்டி நீக்கி, தேவையான எக்ஸான்களை ஒட்டியபிறகே புரதம் தயாராகும். இன்ட்ரானில் ஜி, யு என்ற எழுத்துகள் மாறி மாறி வரும் இடங்களை டி.டி.பி-43 பிடித்துக்கொள்கிறது. சுண்டெலி மூளையில் 6,000க்கும் மேற்பட்ட ஆர்.என்.ஏ.க்களோடு அது ஒட்டுவதாக 2011இல் கணக்கெடுத்தார்கள்.

இதன் அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சரி, அளவை யார் பார்த்துக்கொள்வது? அந்தப் புரதமேதான். தன் சொந்த ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் போய் ஒட்டி, அந்த ஆர்.என்.ஏ.வைச் சிதைய வைக்கிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை மேலேறித் தண்ணீரை அடைப்பது மாதிரி. டார்டிபிபியின் இரண்டு படிகளையும் நீக்கினால் சுண்டெலிக் கரு தொடக்கத்திலேயே இறந்துவிடும். ஒரு படியை மட்டும் நீக்கினால் புரதத்தின் அளவு ஏறக்குறைய பழையபடியே நிற்கும். மீதமிருக்கும் படி ஈடுகட்டிவிடுகிறது. இந்த மரபணுவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

2018இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலியின் சொந்த மரபணுவில் 331ஆம் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினார்கள். நோயாளிகளிடம் காணப்படும் அதே மாற்றம். அதனால் தன்கட்டுப்பாடு தளர்ந்து புரதம் சற்றே கூடியது. அவ்வளவுதான். அந்தச் சுண்டெலிகள் மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா என்ற அறிவாற்றல் குறையும் நோயை நினைவூட்டும் விதத்தில் நடந்துகொண்டன.

எல்லாச் சுண்டெலி ஆய்வும் இவ்வளவு நேராகப் போகவில்லை. 2009இல் மனித டி.டி.பி-43இன் மரபணுவை, நோயோடு தொடர்புள்ள மாற்றத்துடன், சுண்டெலிக்குள் செலுத்தினார்கள். அவை சீக்கிரமே இறந்தன. நரம்பு நோயால்தான் என்று முதலில் தோன்றியது. பிறகு பார்த்தால் குடல் அசைவு நின்றுபோய், அடைப்பு ஏற்பட்டே அவை இறந்திருக்கின்றன. ஜெல்லி போன்ற உணவு கொடுத்தபோது ஆயுள் நீண்டது. ஆயுள் நீள்வதை மட்டும் வைத்து ஒரு மருந்தை மதிப்பிட்டால், குடலைச் சரிசெய்யும் மருந்தை நரம்பைக் காக்கும் மருந்தென்று நம்பிவிடலாம்.

இதைவிட ஆழமான சிக்கல் 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. உட்கருவில் டி.டி.பி-43 இல்லாவிட்டால், இன்ட்ரானுக்குள் ஒளிந்திருக்கும் துண்டுகள் எக்ஸான் வேஷம் போட்டு ஆர்.என்.ஏ.வுக்குள் நுழைந்துவிடுகின்றன. இப்படித் திருட்டுத்தனமாக நுழையும் துண்டுகள் மனிதனில் ஒரு பட்டியல், சுண்டெலியில் வேறொரு பட்டியல். காரணம் எளிது. புரதத்தைக் குறிக்கும் எழுத்துகளைப் பரிணாமம் பத்திரமாக வைத்திருக்கும். இன்ட்ரான்களை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. காவல்காரன் ஒரே ஆள்தான், காவல் காக்கும் வாசல்கள்தான் வேறு.

ஸ்டாத்மின்-2 இதற்கு நல்ல உதாரணம். நரம்பு செல்லின் நீண்ட இழை அறுபட்டால் மறுபடி வளர இந்தப் புரதம் வேண்டும். மனித செல்லில் டி.டி.பி-43 காணாமல் போனால், இந்த மரபணுவின் முதல் இன்ட்ரானிலிருந்து ஒரு துண்டு நுழைந்து, ஆர்.என்.ஏ. பாதியிலேயே முடிந்துவிடுகிறது. புரதம் உருவாவதில்லை. 2019இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகக் கண்டறிந்தன. சுண்டெலியின் அதே மரபணுவில் அந்தத் துண்டே கிடையாது. அதன் நரம்பு செல்லிலிருந்து டி.டி.பி-43ஐ எவ்வளவு நீக்கினாலும் இந்தக் கேட்டைப் பார்க்கவே முடியாது.

ஆகவே சுண்டெலியை மாற்றினார்கள். மனித மரபணுவின் அந்தத் துண்டை அதன் ஸ்டாத்மின்-2 மரபணுவில் வைத்து, டி.டி.பி-43 ஒட்டும் இடத்தைக் கெடுத்தார்கள். எதிர்பார்த்தபடியே ஆர்.என்.ஏ. பாதியில் நின்றது. அப்புறம், அந்தத் துண்டை மறைக்கும் குட்டையான செயற்கை நியூக்ளிக் அமிலத் துணுக்கை மூளைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தியதும் ஸ்டாத்மின்-2 திரும்ப உருவானது. 2023இல் இது வெளியானது. இதே வழியில் செயல்படும் மருந்தின் முதற்கட்டச் சோதனை ஏ.எல்.எஸ். நோயாளிகளிடமும் அதே ஆண்டில் தொடங்கியது. யு.என்.சி.13.ஏ என்ற மற்றொரு மரபணுவிலும் மனிதனுக்கே உரிய திருட்டுத் துண்டு இருப்பதை 2022இல் கண்டார்கள். அதை மறைக்கும் மருந்தைச் சுண்டெலியில் சோதிக்க வேண்டுமானால், முதலில் அந்த மனிதத் துண்டைச் சுண்டெலிக்குள் வைத்தாக வேண்டும்.