தலைப்பைத் திருத்தும் முன் டெம்ப்ளேட்டைப் பாருங்கள்

செய்தித் தளம் நடத்துபவர்கள் தேடுபொறி விஷயமாக என்னிடம் வந்தால், பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "தலைப்பில் என்னென்ன சொற்களைப் போடலாம்?" அதற்குப் பதில் சொல்லும் முன் நான் அவர்களுடைய செய்திப் பக்கம் ஒன்றின் சோர்ஸ் கோடைத் திறந்து பார்ப்பேன். ஒரு செய்தியில் உள்ள குறை அந்தச் செய்தியோடு போய்விடும். எல்லாச் செய்திப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சான டெம்ப்ளேட்டில் உள்ள குறையோ, இதுவரை வந்த செய்தி, இனி வரப்போகும் செய்தி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் பார்த்த ஒரு தளத்தில், எல்லாச் செய்திகளின் கனானிக்கல் வரியும் முகப்புப் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தின் அசல் முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்வதுதான் அந்த வரியின் வேலை. அது புரியாமல், செய்திகள் கூகுளில் வருவதில்லை என்று ஆசிரியர் குழு தன் எழுத்து நடையையே மாற்றிக்கொண்டிருந்தது. நல்ல உழைப்பு இப்படி வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. "இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே" என்று சொல்ல, சோதனைத் தளத்துக்காகப் போட்ட நோஇண்டெக்ஸ் வரி, புது வடிவமைப்போடு சேர்ந்து நிஜத் தளத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. பக்கத்தின் முதன்மைத் தலைப்பைக் குறிக்கும் எச்1 குறியை லோகோவுக்குக் கொடுத்துவிட்டு, செய்தித் தலைப்பைச் சாதாரண எழுத்தாக விடுவதையும் பார்க்கிறேன். எச்1 தலைப்புக்கே போகட்டும்.

நான் அதிக நேரம் செலவிடுவது தேதியில்தான். செய்திக்குத் தேதிதான் உயிர். செய்தியின் விவரங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் நியூஸ்ஆர்ட்டிக்கிள் ஸ்கீமாவில் வெளியான நேரம், திருத்திய நேரம் என இரண்டு இடங்கள் உண்டு. இரண்டிலும் நேர மண்டலத்தையும் சேர்த்து எழுத வேண்டும். விட்டுவிட்டால் கூகுள், பக்கங்களைப் படிக்கும் தன் நிரலான கூகுள்பாட் பயன்படுத்தும் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும், செய்தி சில மணி நேரம் முன்னே பின்னே போய்விடும். வாசகர் கண்ணுக்குத் தெரியும் தேதியும் ஸ்கீமாவில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தின் கீழே வரும் "தொடர்புடைய செய்திகள்" ஒவ்வொன்றுக்கும் தேதி போடுவதைத் தவிர்க்கச் சொல்வேன், தேடுபொறி தவறான தேதியை எடுத்துவிட வாய்ப்புண்டு. இதைவிட மோசமான வழக்கம் ஒன்று இருக்கிறது: பக்கம் திறக்கும்போதெல்லாம் "திருத்திய நேரம்" இன்றைய நேரமாக மாறும்படி டெம்ப்ளேட்டை எழுதுவது. பழைய செய்தியைப் புதிது போலக் காட்டுவது கூகுளின் வழிகாட்டுதலுக்கு எதிரானது. அதைவிட முக்கியம், அது வாசகரை ஏமாற்றுவது. பழைய விபத்துச் செய்தியை இன்று நடந்ததென்று நினைத்து ஒருவர் பதறினால், அந்தப் பொறுப்பு நம்முடையது.

அடுத்தது வேகம். கூகுளின் அளவுகோல்படி முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், பக்கம் குலுங்குவதற்கான மதிப்பெண் 0.1ஐத் தாண்டக் கூடாது, தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும். கடைசியாகச் சொன்ன அளவுகோலின் பெயர் ஐஎன்பி; முதல் தொடுகையின் தாமதத்தை மட்டும் பார்த்த எஃப்ஐடிக்குப் பதிலாக அது 2024 மார்ச்சில் வந்தது. செய்தித் தளங்களில் இவை கெடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். பக்கத்தின் மேலே உள்ள முதன்மைப் படத்துக்கும் சேர்த்து லேசி லோடிங் (திரைக்கு அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) போட்டிருப்பார்கள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள். விளம்பரத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், வாசிக்கும்போதே வரிகள் கீழே தள்ளப்பட்டு விரல் விளம்பரத்தில் படும். அப்படிக் கிடைக்கும் கிளிக்கை வருமானம் என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

படம் குறைந்தது 1200 பிக்சல் அகலம் இருக்கட்டும். தேடுபொறிக்கான குறிப்புகள் இருக்கும் ரோபோட்ஸ் மெட்டாவில் பெரிய படத்துக்கு அனுமதி தரும் மேக்ஸ்-இமேஜ்-பிரிவியூ:லார்ஜ் வரியும் வேண்டும், கூகுள் செயலியில் செய்திகளைப் பரிந்துரைக்கும் டிஸ்கவரில் படம் பெரிதாக வர இது உதவும். மொபைலில் வேகமாகத் திறக்க உருவான ஏஎம்பி வடிவம்? கூகுள் தேடலில் செய்திகளைத் தனியாகக் காட்டும் டாப் ஸ்டோரிஸில் வர 2021 முதல் அது கட்டாயமில்லை. அதைப் பராமரிக்கும் நேரத்தை மேலே சொன்னவற்றுக்குக் கொடுக்கலாம்.

அப்புறம் பழைய செய்திகள். செய்தி முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் நியூஸ் சைட்மேப்பில் கடந்த 2 நாட்களில் வெளியானவை மட்டுமே இருக்க வேண்டும், ஒரு கோப்பில் 1,000 முகவரி வரைதான். அதைத் தாண்டியவை சாதாரண சைட்மேப்பிலும், உள் இணைப்புகள் வழியாகவும் கிடைக்க வேண்டும். பல தளங்களில் "மேலும் காட்டு" பொத்தானை அழுத்தினால்தான் பழையவை வரும். கூகுள்பாட் அந்தப் பொத்தானை அழுத்தாது. பக்கம் 2, பக்கம் 3 என்று தனித்தனி முகவரி கொடுத்து, சாதாரண இணைப்பாகவே வையுங்கள்.