பலூன் மேலே போனால் கார்பன் டை ஆக்சைடு பாதியாகிவிடுமா?

பலூனில் வாயு அளக்கும் கருவிகளைக் கட்டி மேலே அனுப்புவது என் வேலை. சில மாதங்களுக்கு முன்பு மாணவர்கள் சிலர், தாங்களே விடியற்காலையில் பறக்கவிட்ட பலூனின் பதிவை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். தரையில் 460 பிபிஎம், அதாவது பத்து லட்சம் மூலக்கூறுகளில் 460. ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் 210. நடுவில் கோடு வழவழவென்று இறங்கியிருந்தது. "கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு, அதனால் கீழேயே தங்கிவிடுகிறது" என்று முடிவுரையும் எழுதியிருந்தார்கள்.

இதே முடிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

விலை குறைந்த சென்சார்களுக்குள் இருப்பது ஒரு சின்ன அறை, அதில் ஒரு அகச்சிவப்பு விளக்கு, எதிரே ஒளியை அளக்கும் உணரி, அவ்வளவுதான். 4.26 மைக்ரான் அலைநீளத்தில் கார்பன் டை ஆக்சைடு ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை வைத்து, அறைக்குள் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று சென்சார் கணக்குப் போடுகிறது. பிறகு, தான் தரையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அந்த எண்ணிக்கையைப் பிபிஎம்மாக மாற்றிக் காட்டுகிறது. ஐந்தரை கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எல்லா வாயுவும் பாதியாகிவிட்ட இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் பாதிதான் இருக்கும், அதன் பங்கு மட்டும் மாறாது. 210-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 420 வரும்.

கனம் என்பது உண்மைதான், காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, இதற்கு 44. ஆனால் காற்று சும்மா நிற்பதில்லையே. வெயிலும் காற்றோட்டமும் ஓயாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வரை வாயுக்கள் எடைவாரியாகப் பிரிவதில்லை. 1804-இல் கே-லூசாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பலூனில் தனியாக 7,000 மீட்டர் வரை ஏறி, குடுவையில் காற்றைப் பிடித்துவந்து சோதித்தார். ஆக்சிஜனின் பங்கு தரையில் இருந்த அளவேதான் இருந்தது.

அப்படியானால் உயரத்துக்கு உயரம் எதற்காக அளக்க வேண்டும்? ஏனென்றால் உண்மையான வித்தியாசம் சின்னது, ஆனால் அதில்தான் கதையே இருக்கிறது. இரவில் செடிகளும் மண்ணும் விடும் கார்பன் டை ஆக்சைடு, அசையாத குளிர்ந்த காற்றில் தரையோடு தேங்கும். பொழுது ஏறியதும் தரை சூடாகி அதைக் கலைத்துவிடும், இலைகளும் இழுத்துக்கொள்ளும். அதனால் விடியலிலும் பிற்பகலிலும் ஒரே இடத்தில் பறக்கவிட்டாலும் கீழ்ப்பகுதி வேறு வேறாக இருக்கும். இன்னும் மேலே, 25 கிலோமீட்டருக்குப் போனால், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது: அங்கே இருப்பது பழைய காற்று. வெப்பமண்டலத்தில் மெல்ல மேலே ஏறி மற்ற இடங்களுக்குப் பரவ அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கு இரண்டரை பிபிஎம் போல ஏறிக்கொண்டிருப்பதால், நான்கு ஆண்டுகள் பழைய காற்றில் பத்து பிபிஎம் குறைவாக இருக்கும். அறைகளில் வைக்கும் சென்சார்களுக்குப் பிழையே 30 முதல் 50 பிபிஎம் வரை. அவற்றை வைத்து இதைப் பிடிக்க முடியாது.

சரி, பறக்கவிடப் போகிறவர்கள் என்ன செய்யலாம்? அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் கூடவே பதிவு செய்யுங்கள். காற்றில் நீராவி 3 சதவீதம் இருந்தாலே கார்பன் டை ஆக்சைடின் பங்கு 12 பிபிஎம் குறைந்து தெரியும். பலூன் வினாடிக்கு 5 மீட்டர் ஏறும்போது, 30 வினாடி தாமதமாகப் பதில் சொல்லும் சென்சார் 150 மீட்டர் கீழே இருந்த காற்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அப்புறம், கட்டிவிடும்போது கருவிக்குப் பக்கத்தில் மூச்சு விடாதீர்கள். நம் மூச்சில் இருப்பது 40,000 பிபிஎம்.

உயரத்தில் துல்லியம் வேண்டுமென்றால் ஏர்கோர் என்ற முறை இருக்கிறது, நூறு மீட்டருக்கும் மேல் நீளமான மெல்லிய எஃகுக் குழாயைச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் திறந்துவைத்து அனுப்புவார்கள். ஏறும்போது அழுத்தம் குறைந்து உள்ளே இருந்த வாயு வெளியேறிவிடும், இறங்கும்போது அந்தந்த உயரத்துக் காற்று வரிசையாக உள்ளே நுழையும். தரைக்கு வந்ததும் சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கருவியில் செலுத்திவிட வேண்டும், தாமதித்தால் குழாய்க்குள்ளேயே அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அந்த மாணவர்களிடம் அழுத்தப் பதிவும் இருந்தது, நல்லவேளை. அதை வைத்துத் திருத்தியதும் மேலே முழுக்க 420-ஐ ஒட்டிக் கோடு நிமிர்ந்துவிட்டது. தரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில் மட்டும் 40 பிபிஎம் கூடுதலாக ஒரு மேடு நின்றது. முந்தைய இரவில் தேங்கியது அது. முதல் வரைபடத்திலும் அங்கேயேதான் இருந்தது, அந்தப் பெரிய சரிவுக்குள் யார் கண்ணிலும் படவில்லை.