கிறிஸ்தவம் தோன்றாத உலகில் யூதர்கள்: ஊகிக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

கல்லூரியில் பண்டைய வரலாறு நடத்துகிறேன். ரோமப் பேரரசு பாடம் வந்தாலே, "கிறிஸ்தவம் மட்டும் தோன்றாமல் இருந்திருந்தால் யூதர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள், இல்லையா சார்?" என்று யாராவது கேட்பார்கள். "யூத மதம்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கும்" என்பார் இன்னொருவர். இப்போது இரண்டுமே வாட்ஸ்அப்பில் தீர்ப்பாகவே சுற்றுகின்றன.

இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கிறிஸ்தவத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பிவிடுகிறோம். கிறிஸ்தவத்தின் கை ஓங்காத காலங்களும் ஊர்களும் நிஜமாகவே இருந்தன. அங்கே யூதர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் ரோம். கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை இடித்தது ரோமத் தளபதி டைட்டஸின் படை. அன்றைக்குக் கிறிஸ்தவர்கள் அதிகாரத்தின் வாசலைக்கூட மிதிக்காத சிறு கூட்டம். யூதர்கள் தங்கள் ஆலயத்துக்கு ஆண்டுதோறும் செலுத்திவந்த காணிக்கையை ரோமானியர் வரியாக்கி, ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். முன்பு வளர்ந்த ஆண்கள் மட்டும் கொடுத்தது. இப்போது பெண்கள், குழந்தைகள் தலையிலும் விழுந்தது. பேரரசர் டொமிஷியன் காலத்தில் இந்த வரிவசூல் எவ்வளவு கறாராக நடந்தது என்பதற்கு ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் ஒரு சாட்சி தருகிறார். யூதர்களின் வழக்கப்படி விருத்தசேதனம் (சுன்னத்) செய்தவரா என்று பார்க்க, நிறைந்த மன்றத்தில் 90 வயதுக் கிழவர் ஒருவரைச் சோதித்ததை இளவயதில் தானே நேரில் பார்த்ததாக எழுதுகிறார்.

அப்புறம் 115–117இல் ரோமுக்கு எதிராக யூதர்கள் செய்த கலகம். எகிப்து, சைரீன், சைப்ரஸ் பகுதிகளில் நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்த யூதச் சமூகங்கள் அதில் நொறுங்கிப்போயின. யூதர்களின் வேதமான தோராவைக் கிரேக்க மொழியில் படித்து, தத்துவம் பேசிய அலெக்ஸாண்ட்ரிய யூதம் அதற்குப் பிறகு பழையபடி எழவே இல்லை. 132–135இல் யூதத் தலைவர் பார் கோக்பாவின் எழுச்சியையும் அடக்கிய பேரரசர் ஹேட்ரியன், எருசலேமை ஏலியா கேப்பிட்டோலினா என்ற ரோம நகரமாக்கி, யூதர்கள் உள்ளே வரவே தடை போட்டார். இதில் எதற்கும் சிலுவை தேவைப்படவில்லை.

சரி, யூத மதம் பரவியிருக்குமா? இதற்கு முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதிய ஒரு சம்பவத்தை வகுப்பில் விரிவாகவே சொல்வேன். அதே நூற்றாண்டில் டைக்ரிஸ் ஆற்றங்கரையை ஒட்டிய அடியாபீன் நாட்டு ராணி ஹெலனாவும் அவர் மகன் இசாட்டஸும் யூத மதத்தின்பால் ஈர்க்கப்பட்டார்கள். மகனுக்கு விருத்தசேதனம் செய்துகொள்ள ஆசை. குடிமக்கள் பொறுக்க மாட்டார்கள் என்று தாய்க்குப் பயம். இசாட்டஸுக்கு மதத்தைக் கற்பித்த அனனியாஸ் என்ற யூத வியாபாரியே, அது இல்லாமலும் கடவுளை வணங்கலாம் என்றார். பிறகு கலிலேயாவிலிருந்து வந்த எலெயாசர், இசாட்டஸ் தோராவை வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, வாசித்தால் போதாது, அதில் சொன்னபடி செய்ய வேண்டும் என்று கடிந்துகொண்டார். மன்னர் அன்றே வைத்தியரை அழைத்துவிட்டார்.

யூத மதம் பிறரை ஈர்த்தது, அதன் வாசல் திறந்தும் இருந்தது. வாசற்படிதான் உயரம். படி ஏறாமல், ஓய்வுநாளைக் கடைப்பிடித்துக்கொண்டு, ஜெபக்கூடத்துக்கும் வந்துபோன பிற இனத்தவர் பலர் இருந்தார்கள். 'கடவுளுக்கு அஞ்சுவோர்' என்று அவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு. கிறிஸ்தவத்தைப் பரப்பிய பவுல், விருத்தசேதனம் தேவையில்லை என்று அந்தப் படியை எடுத்துவிட்டார், கூட்டம் அந்தப் பக்கம் போனது. பவுல் இல்லாவிட்டால் எல்லாரும் யூதர்களாகியிருப்பார்களா? சந்தேகம்தான். இரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் அந்தோனினஸ் பயஸ், யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் விருத்தசேதனம் செய்யலாம், பிறருக்குச் செய்தால் கடும் தண்டனை என்று சட்டமே போட்டார். பெரும்பாலானவர்கள் அன்றைய ரோமில் பரவியிருந்த ஐசிஸ், மித்ரா தெய்வ வழிபாடு என்று கலைந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இதுவரை சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, "யூதர்களின் துன்பத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் சம்பந்தமில்லை" என்று விடைத்தாளில் எழுதுகிற மாணவர்களும் உண்டு. அது முழுத் தவறு. ரோமுக்கு யூதர்கள் அடங்காத குடிகள், அடங்கினால் விட்டுவிடும். 'இயேசுவைக் கொன்றவர்கள்' என்ற குற்றச்சாட்டோ பிறக்கும் குழந்தை மீதும் ஏறியது. 438இல் கிறிஸ்தவப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸின் சட்டம் அவர்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கி, புதிய ஜெபக்கூடம் கட்டவும் தடை விதித்தது. 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் வழியிலேயே ஜெர்மனியின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகர யூதர்களை வெட்டிச் சாய்த்தன. இங்கிலாந்திலிருந்து 1290இலும் ஸ்பெயினிலிருந்து 1492இலும் வெளியேற்றம். கிறிஸ்தவம் இல்லாத உலகில் இவை இதே வடிவில் நடந்திருக்க வழியில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கொலைப்பழியை யூதர் அனைவர் மீதும் சுமத்தக் கூடாது என்று முறைப்படி அறிவித்தது 1965இல்தான்.

இனி, கிறிஸ்தவ அரசு இல்லாத ஊர்கள். பாபிலோனியாவில் (இன்றைய ஈராக்) பாரசீகரின் கீழ் யூதர்களுக்கெனத் தனித் தலைவர், நீதிமன்றம், சூரா, பும்பதிதா கல்விக்கூடங்கள் எல்லாம் இருந்தன. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் அந்த மண்ணில் விளைந்தது. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் அங்கேயும் சில மன்னர்கள் கொடுமை செய்தார்கள். யேமனில் ஹிம்யார் மன்னர்களே யூத மதத்தை ஏற்றார்கள். அவர்களில் ஒருவரான யூசுஃப் 523 வாக்கில் நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தார். அதிகாரம் கைக்கு வந்தால் யூத அரசரும் மற்ற அரசரைப் போலத்தான்.

நம் பக்கம் கேரளத்துக் கொடுங்கல்லூர். கி.பி. 1000ஐ ஒட்டி சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த வட்டெழுத்துச் செப்பேட்டில் பகல் விளக்கு, நடைபாவாடை (நடக்கும் வழியில் விரிக்கும் துணி), பல்லக்கு, குடை என்று வரிசையாக உரிமைகள். இங்கே யூதர் இன்னொரு சாதி மாதிரி தனித்து நின்று, அதனாலேயே யூதராகவும் நீடித்தார்கள். சீனாவின் கைஃபெங்கில் 1163இல் ஜெபக்கூடம் எழுந்தது. யாரும் விரட்டவில்லை. அரசுத் தேர்வு எழுதி அதிகாரிகளானார்கள், சீனப் பெண்களைக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை, கூடமும் பாழ். கொடுமை இல்லாத இடத்தில் மதம் தானாகத் தழைக்கும் என்று நினைப்பவர்கள் கைஃபெங்கைப் பற்றிக் கொஞ்சம் படிக்கலாம்.

கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரிய யூதத் தத்துவஞானி பிலோவின் பெயரைத் தல்மூத் ஓரிடத்திலும் சொல்வதில்லை. அவர் நூல்களையும், இசாட்டஸ் கதையைச் சொல்லும் ஜொசிஃபஸையும் படியெடுத்துக் காத்தவர்கள் கிறிஸ்தவர்கள். ஹனுக்கா பண்டிகையின் வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல்கூட எபிரேய மூலம் தொலைந்துபோய், கிறிஸ்தவர்கள் வைத்திருந்த கிரேக்க விவிலியத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது.