ஜெனரிக் அக்ஸஸர்: ‘பொது அணுகுமுறை’ வேண்டாம்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பயிலரங்கு. திரையில் ‘பொது அணுகுமுறை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மாணவி, “பிரச்சினையை எப்படி அணுகுறதுன்னு சொல்லப் போறாங்களா சார்?” என்று கேட்டாள். சொல்ல வந்ததோ கணினி நிரலாக்கத்தில் வரும் ஜெனரிக் அக்ஸஸர் மெத்தட். இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அக்ஸஸர், ‘அருகே செல்’ என்னும் லத்தீன் வினைவழி வந்தது. நிரலில் ஒரு பொருளுக்குள் (ஆப்ஜெக்ட்) இருக்கும் மதிப்பை எடுக்கவோ மாற்றவோ உதவும் செயற்கூறு (ஃபங்ஷன்). ‘அணுகி’ போதும். ஜெனரிக், இனத்தைக் குறிக்கும் ‘ஜீனஸ்’ வழி வந்தது.

‘அணுகுமுறை’ என்றால் நமக்கு ஒரு விஷயத்தைக் கையாளும் விதம். அந்தச் சொல்லை இங்கே இழுக்கக் கூடாது. ‘பொது’ அதைவிட மோசம். பப்ளிக்கைத்தான் ஏற்கெனவே பொது என்று எழுதுகிறோமே! ‘பொது அணுகி’ என்றால் வெளியிலிருந்து யாரும் அழைக்கலாம் என்றுதான் மாணவர் புரிந்துகொள்வார். யார் அழைக்கலாம் என்பது ஜெனரிக்கின் கவலையே இல்லை. ஒரே பெயர் பல இனக்குழுக்களுக்கு (கிளாஸ்) வேலை செய்யும் என்பதே அதன் பொருள்.

காமன் லிஸ்ப் என்னும் நிரல்மொழியில் நெல், தென்னை என்று இரண்டு இனக்குழுக்களை வரையறுத்து, இரண்டிலும் ‘வயது’ என்றே அணுகிக்குப் பெயர் வைக்கலாம். மதிப்பை எடுக்க உருவாவது ஒரே ஜெனரிக் செயற்கூறு. அதன் கீழ் இனக்குழுவுக்கு ஒன்றாக இரண்டு மெத்தடுகள், அதாவது உண்மையில் ஓடும் நிரல்துண்டுகள். ஆடுதுறை 36 என்னும் நெல் ரகத்தைக் கொடுத்தால் நெல்லுக்கானது ஓடி, நாள் கணக்கில் 110 என்று தரும். தென்னையைக் கொடுத்தால் ஆண்டுக் கணக்கு. டெல்டாவில் ‘இந்த நெல்லுக்கு என்ன வயசு?’ என்றால் யாரும் வருஷத்தைச் சொல்வதில்லை.

இதற்குச் சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் சேர்ந்து வரும் பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது. சாத்தன் ஆளென்றால் ‘சாத்தன் வந்தான்’, காளையென்றால் ‘சாத்தன் வந்தது’. பெயர் ஒன்று, முடிபு வேறு. நன்னூல் இதைப் பொதுப்பெயர் என்பது உண்மைதான். ஆனால் நிரலாக்கத்தில் பொதுவைப் பப்ளிக் எடுத்துக்கொண்டாயிற்று. ஆகவே ‘விரவு அணுகி’. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுபவர்கள், நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இடைவேளையில் மாணவியின் நோட்டில் வயது(நெல்), வயது(தென்னை) என்று எழுதிக் காட்டினேன். “அப்ப மாட்டுக்கும் தனியா எழுதணும், பேரு மட்டும் அதேவா?” என்றாள்.

அதேதான்.