வெப் தொலைநோக்கியின் ஐந்து படலங்கள்

"ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி ஏவப்பட்டபோது வானியலாளர்கள் ஏன் அவ்வளவு பதற்றத்தோடு இருந்தார்கள்? ராக்கெட் வெடித்துவிடும் என்ற அச்சமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அச்சமும் இருந்தது. ஏவும் நாள் டிசம்பர் 18, 22, 24 என்று தள்ளிக்கொண்டே போனதும் அதை வளர்த்தது. ஆனாலும் 2021 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியன் 5, நம்பகமான ராக்கெட் என்று பெயர் எடுத்தது. கவுன்ட்டவுன் முடிந்த பிறகு நடக்க வேண்டியவையே அவர்களைப் பெரிதும் வாட்டின. மடித்துக் கட்டி அனுப்பிய ஐந்து மெல்லிய படலங்கள், யாரும் எட்ட முடியாத தொலைவில் சரியாக விரிய வேண்டும்.

வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. பேரண்டம் விரிவதால், ஆதி விண்மீன் மண்டலங்களிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைவதற்குள் அதன் அலைநீளம் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக மாறிவிடுகிறது. வெப்பமுள்ள எந்தப் பொருளும் தானே அகச்சிவப்பை உமிழும் என்பது பள்ளியில் படித்ததுதான். தொலைநோக்கியே இளஞ்சூட்டில் இருந்தால், தேடிச் சென்ற மங்கலான ஒளியைத் தன் ஒளியாலேயே மூழ்கடித்துவிடும். எனவே 6.5 மீட்டர் விட்டமுள்ள அதன் ஆடி, மைனஸ் 220 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்திருக்க வேண்டும்.

இதைச் சாதிப்பது, ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள சூரியக் கவசம். தடித்த கவசம் ஒன்று போதாதா என்று தோன்றலாம். போதாது. வெயில் படும் முகத்தில் ஏறும் வெப்பம், திடப்பொருளின் ஊடாகக் கடத்தப்பட்டு மறுமுகத்தை எட்டிவிடும். பல படலங்களாகப் பிரித்து நடுவே வெற்றிடத்தை விட்டால், கடத்தலுக்கும் வெப்பச்சலனத்துக்கும் வழி அடைபட்டு, கதிர்வீச்சு மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கதிர்வீச்சைக் கையாண்டிருக்கும் விதம், பொன் பூசிய ஆடியைக் காட்டிலும் என்னை வியக்க வைக்கிறது.

ஐந்து படலங்களும் காப்டன் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கால் ஆனவை, அலுமினியம் பூசப்பட்டவை. சூரியனை நோக்கிய முதல் படலத்தின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், மற்றவற்றின் தடிமன் அதில் பாதி. அலுமினியம் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆனால் உறிஞ்சிய கொஞ்ச வெப்பத்தை உமிழ்வதில் மந்தமானது. ஆகவே முதல் இரண்டு படலங்களின் வெயில் முகத்தில் சிலிக்கானையும் பூசினார்கள். அது வெப்பத்தை விண்வெளிக்கே உமிழ்ந்துவிடும். கவசத்தின் ஊதாச் சாயலும் அதனால் வந்ததுதான்.

அதையும் மீறிச் சூடேறும் முதல் படலம், தன் பின்முகத்தால் இரண்டாவதை நோக்கி அகச்சிவப்பை உமிழ்கிறது. அது பளபளப்பான இரண்டாவதில் பட்டு முதலாவதுக்குத் திரும்புகிறது, அங்கே பட்டு மறுபடியும் வருகிறது. இரண்டும் இணையாக இருந்தால் இந்தப் போக்குவரத்து நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக உறிஞ்சப்பட்டு வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் படலங்களை, பாதி திறந்த புத்தகத்தின் தாள்கள்போல, நடுவில் நெருங்கியும் ஓரங்களில் விலகியும் நிற்கும்படி சாய்த்து அமைத்தார்கள். சாய்ந்த பரப்பில் படும் கதிர், திரும்பும் ஒவ்வொரு முறையும் சற்றே வெளிப்பக்கமாக விலகி, சில முறைகளுக்குள் ஓரத்து இடைவெளி வழியாக விண்வெளிக்குப் போய்விடுகிறது. அடுத்தடுத்த இடைவெளிகளிலும் இதுவே நடக்கிறது. கவசத்தின்மீது விழும் சுமார் 2 லட்சம் வாட் ஆற்றலில், ஐந்தாவது படலத்தையும் கடந்து செல்வது ஒரு வாட்டுக்கும் குறைவு. இதற்கு ஓடும் பொறி எதுவும் தேவையில்லை, மின்சாரமும் செலவாவதில்லை.

ஆனால் இந்தச் சாய்வு சரியாக அமைய, படலங்களைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்ட வேண்டும். ராக்கெட்டின் மூக்குக் கூம்புக்குள் கிடைத்த அகலமோ 5 மீட்டருக்கும் குறைவு. எனவே கவசத்தை மடித்து, 107 பூட்டு ஊசிகளால் இறுக்கினார்கள். ஊசிகள் நுழையத் துளைகள் வேண்டும். விரிந்த பிறகு ஒரு படலத்தின் துளை மற்றொன்றின் துளைக்கு நேராக வந்து வெயிலை உள்ளே விட்டுவிடாதபடி அவற்றின் இடங்களைத் தேர்ந்தார்கள். கூம்பு பிரியும் கணத்தில் மடிப்புகளுக்குள் காற்று எஞ்சியிருந்தால், படலங்கள் உப்பிக் கிழிந்துபோகலாம் என்பதால், கூம்பின் காற்றுத் திறப்புகளையும் மாற்றியமைத்தார்கள்.

தொய்யும் பொருள் எடையற்ற நிலையில் எப்படி அசையும் என்பதை, புவியீர்ப்பின் கீழ் முழுமையாக ஒத்திகை பார்க்க இயலாது. ஒன்று பழுதானாலே திட்டம் குலையக்கூடிய இடங்கள் 344 என்று கணக்கிட்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த விரிப்பு வேலையைச் சேர்ந்தவை. பூமியை நெருங்கிச் சுற்றும் ஹபிள் விண்தொலைநோக்கியின் ஆடியில் இருந்த குறையை 1993-இல் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று ஈடுசெய்தார்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொள்ளும் வெப்புக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழு இத்திட்டத்தைக் கைவிட முன்மொழிந்தது; இறுதியில் செலவு ஏறத்தாழ 1,000 கோடி டாலரை எட்டியது. நிர்வாகக் குறைகள் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் தாமதம் முழுவதையும் வீண் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2018-இல் ஓர் ஒலியதிர்வுச் சோதனைக்குப் பின், மடித்த கவசத்தைப் போர்த்தியிருந்த உறையிலிருந்து திருகாணிகள் கழன்று விழுந்தன. அவை தரையில் விழுந்ததால்தான் சரிசெய்ய முடிந்தது. அறிவியலுக்கு நிதி ஒதுக்குவோர், கருவியைச் செய்வதற்குத் தரும் அதே அக்கறையோடு, அதைச் சோதிப்பதற்கும் காலமும் பணமும் தர வேண்டும்.

2021 டிசம்பர் 31 அன்று அந்த உறை சுருண்டு விலகியதைத் தெரிவிக்க வேண்டிய சுவிட்சுகள் இயங்கவில்லை. தொலைநோக்கியில் அதைப் பார்க்கக் கேமராவும் இல்லை. உறை விலகினால் எங்கே வெயில் படும், அங்கே வெப்பநிலை எப்படி மாறும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். உணரிகள் அனுப்பிய வெப்பநிலைத் தரவுகள் அதற்கு ஒத்துவந்தன. தொலைநோக்கியின் திசைமாற்றத்தை உணரும் சுழல்நோக்கிகளும் அதையே காட்டின. அவற்றை நம்பி, படலங்களை இருபுறமும் இழுக்கும் கம்பங்களை நீட்டினார்கள். ஜனவரி 3-இல் மூன்று படலங்களும், மறுநாள் மற்ற இரண்டும் இழுத்துக் கட்டப்பட்டன. 107 பூட்டுகளும் விடுபட்டிருந்தன.

கவசத்தால் மட்டும் எட்ட முடியாத குளிர்நிலை ஒன்றும் உண்டு. நடு அகச்சிவப்பைப் பதியும் மிரி கருவி 7 கெல்வினுக்கும், அதாவது ஏறத்தாழ மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்கும், கீழே இருந்தால்தான் வேலை செய்யும். அதற்கென ஹீலியத்தால் இயங்கும் தனிக் குளிர்விப்பானைப் பொருத்தியிருந்தார்கள். 2022 ஏப்ரலில் அது அந்த நிலையை எட்டியது.